மேசைக்கொடிகள்

போத்தி நகர மன்றத்தின் இரண்டாம் மாடியில்
என் பொறுப்பில் ஓர் அலமாரி.
பதினான்கு ஊர்களோடு எங்களுக்கு உறவு உண்டு என்பதற்குப்
பதினான்கு மேசைக்கொடிகள் சாட்சி.
ஒன்பது ஊர்கள்
கையெழுத்துப் போட்டுப் போனபின் கடிதம் போட்டதில்லை.
அவற்றின் பித்தளைக் கம்புகளையும் மாதம் ஒருமுறை துடைக்கிறேன்.
சம்பளம் அதற்கும் சேர்த்துத்தான்.

அகாதிரிலிருந்து ஆள் வருகிறார்கள் என்றதும்
மேயர் பக்தாங் கோகுவா மீசையை மழித்தார்.
குலிக்கோ தைத்துத் தந்த மொராக்கோக் கொடியில்
நட்சத்திரத்துக்கு ஆறு முனை.
முந்தின இரவு பதினொன்றரைக்கு எண்ணிப் பார்த்தேன்.
ஏன் எண்ணினேன் என்று இன்றும் தெரியாது.
ஒரு முனையை மட்டும் பிரிக்க முடியாது,
நட்சத்திரத்தையே பிரிக்க வேண்டும் என்பது
விடியும்போது விளங்கிற்று.

வந்தார்கள். கருங்கடல் மழையும் கூடவே வந்தது.
பெண் பார்க்க வந்தவர்கள் போல
கிரேன்களைப் பார்த்தார்கள், கிடங்கைப் பார்த்தார்கள்,
ஆழம் எவ்வளவு என்றார்கள்.
கொஞ்சம் கூட்டிச் சொன்னோம்.
அவர்களும் மத்தி மீன் டின்களின் கணக்கைக்
கூட்டித்தான் சொல்லியிருப்பார்கள்.
கொள்வினை கொடுப்பினையில் இது சகஜம்.

விருந்தில், கொம்புக் கோப்பை நிறைய மாதுளைச் சாறு.
இரு கடல், ஒரே உப்பு என்று தொடங்கி
கோகுவா நெடுநேரம் பேசினார்.
மக்வாலா பிரெஞ்சில் சொன்னது அதில் பாதிதான்.
அந்தப் பாதிக்குத்தான் கை தட்டினார்கள்.

கையெழுத்து நேரம்.
கூரை ஒழுகி
மேசைக்குப் பக்கத்தில் ஒரு நீலப் பக்கெட்.
டொக்.
டொக்.
மேயரின் கழுத்து சிவந்துகொண்டே போனது.
அவர்கள் வரிசையில் கடைசி ஆள்,
துறைமுக அலுவலர் ப்ராஹிம் அயித் உஸின்,
யாரையும் பார்க்காமல்
நாற்காலியை இழுத்துப் போட்டு
பக்கெட்டை மறைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.
சட்டையின் தோள்பட்டை நனைந்தது.
புகைப்படத்தில் பக்கெட் இல்லை.

புறப்படும்போது முகவரிச் சீட்டின் பின்பக்கம்
கைப்பேசி எண்ணை எழுதித் தந்தார்,
வால்நட் குழம்பின் செய்முறையை அனுப்பச் சொல்லி.
நான் அனுப்பவில்லை. மறந்துவிட்டேன்.

எட்டு மாதம்.
பதினைந்தாவது கம்பையும் துடைக்கத் தொடங்கியிருந்தேன்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை
ஸுக்தீதியிலிருந்து திஸானா ஷோனியா வந்து
ஈரக் குடையை மடக்காமல் என் அறையில் உட்கார்ந்தாள்.
பதினெட்டு டன் ஹேசல் கொட்டை
அகாதிரில் ஒன்பது நாளாய் நிற்கிறது.
சான்றிதழில் முத்திரை தேதியின்மேல் விழுந்து
மூன்றா எட்டா என்று தெரியவில்லையாம்.
நாளுக்கு நாள் தண்டம். மேலே வங்கிக் கடன்.
திபிலிசியில் மனு எழுதச் சொல்கிறார்கள்.
"ஒப்பந்தம் போட்டீர்களே,
பரஸ்பரம் என்று அதில் ஏழு இடத்தில் இருக்கிறதே!"
எண்ணிக்கொண்டுதான் வந்திருந்தாள்.

அதைத் தட்டச்சு செய்தவள் நான்.
முத்திரையைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை.

இழுப்பறையில் சீட்டு கிடைத்தது, ஓரத்தில் குழம்புக் கறை.
எங்களுக்கு ஒன்பது மணி, அங்கே ஆறு.
என் உடைந்த பிரெஞ்சைத் தூக்கக் கலக்கத்தில் கேட்டுவிட்டு
அவர் முதலில் விசாரித்தது:
"கூரையைச் சரிசெய்தீர்களா?"
இல்லை என்றேன்.
சிரித்தார். "பெட்டக எண்ணைச் சொல்லுங்கள்."

மறுநாள் பகலில் சரக்கு வெளியே வந்தது.
ஆண்டறிக்கையில் இதற்குக் கட்டம் இல்லை.
வருகை ஒன்று, ஒப்பந்தம் ஒன்று என்று எழுதி
மேலே அனுப்பினேன்.

திஸானா ஒரு சாக்கு கொட்டை கொண்டுவந்து இறக்கினாள்.
பரிசுப் பதிவேட்டில் எண் போட வேண்டும், விதி.
போடவில்லை.
மக்வாலாவும் நானும் சுங்கத்துப் பையனும்
கொடி அலமாரியடியில் சம்மணமிட்டு
காகித எடைக்கல்லால் உடைத்துத் தின்றோம்.
அன்று மாலையே செய்முறையை எழுதி
உறையிலிட்டு ஒட்டி
முத்திரையை, இந்த முறை,
தேதியின்மேல் படாமல் குத்தினேன்.