கொள்ளளவு

புசல்லாவைக்கு மேலே, கரும்பாறைத் தோட்டத்தில்
ஸ்டோருக்குப் பின்னால் உரமூட்டை அடுக்கிய
அந்தக் கொங்கிரீட் பொந்துக்கு
இன்று நான் ஒரு படிவம் நிரப்ப வேண்டும்.

கம்பனிக்கு அவசரம். பலகை நடப்போகிறார்கள்,
வெள்ளைக்காரர்கள் படம் பிடிக்க வருவார்களாம்.
நீளம் அகலம் டேப் பிடித்தாயிற்று.
கட்டிய ஆண்டைப் பழைய செக்ரோல் சொல்கிறது:
நாற்பத்திரண்டு, மே.
குழி வெட்டு, ஆறு ஆள், பத்தொன்பது நாள்.
நான்காவது பெயர் வேலாண்டி.

இன்னொரு தாளில், உள்ளே போக வேண்டியவர்கள்:
துரை, துரைசாணி, டீமேக்கர், பெரிய கிளாக்கர்,
டச்சஸ், பேர்சி.
கடைசி இரண்டும் நாய்கள்.

அந்த வருஷம் ஒரே ஒரு நாள் சங்கு ஊதியது.
துரை ஓடினார், பேர்சி ஓடியது.
மலையில் கொழுந்தெடுத்தவர்கள்
கூடையோடு நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார்கள்.
வந்தது மழை.
கொழுந்து ஈரம் என்று நிறுவையில்
இரண்டு இறாத்தல் கழித்தார்கள்.
படிவம் இதைக் கேட்கவில்லை.

விமானம் வரவே இல்லை.
எண்பத்து மூன்று ஆடியில் வந்தவர்கள்
லொறியில் வந்தார்கள், மண்ணெண்ணெயோடு.
கதவுக்குத் தாழ்ப்பாள் உட்பக்கம் மட்டும்தான்,
துரைக்காகச் செய்தது.
அன்று அதைப் போட்டவள் என் அம்மா, பதினான்கு வயது.
இருமல்காரி பவளாயி
வாய் நிறையப் பச்சைக் கொழுந்தை அடைத்து மென்றபடி
விடியும்வரை இருமவில்லை.

மூன்றாம் நாள் வெளியே வந்தார்கள்.
செக்ரோலில் நாற்பத்தொரு பேருக்கு நேராகவும்
'வரவில்லை'.
சிவப்பு மை. எழுதியவருக்கு அழகான கையெழுத்து.

ஏழாவது கேள்வி: எத்தனை பேர் கொள்ளும்?
வரைபடத்தில் எட்டு என்று இருக்கிறது.
நான் நாற்பத்தொன்று என்று எழுதினேன்.
எட்டிப் பார்த்த பெரிய கிளாக்கர்
பிழை பிள்ளை, திருத்துங்க என்று
டிபெக்ஸ் போத்தலை நீட்டினார்.

திருத்தத்தான் வேண்டும்.
நாற்பத்திரண்டாவதாக ஒருவர் இருந்தார்.
எல்லோரையும் உள்ளே தள்ளிவிட்டு
"நா வெட்டுன குழி. உள்ள எம்புட்டுக் காத்து இருக்குன்னு
எனக்குத் தெரியும்" என்று வெளியே நின்றுகொண்டவர்,
கதவின் மேல் மானாப்புல்லை இழுத்துப் போட்டவர்.

சிவப்பு மையிலும் அவர் இல்லை.
வயதாகிவிட்டதென்று முந்தின மாதமே
பேர் வெட்டியிருந்தார்கள்.