அடகுச் சீட்டின் மொழி

மூன்றாம் பாகத்தின் அட்டை மட்டும்
மற்றவற்றைவிடக் கனத்தது.
நான்கு துளையிலும் நூல் அறுந்து,
கீழ்மூலையை எலி தின்று,
நீலம் வெளுத்துக்
கழுநீர் நிறத்துக்கு வந்திருந்தது.

லூ குலத்தின் வம்சாவளி.
பதினோரு பாகம், ஒரு பிளாஸ்டிக் கூடை.
கொண்டுவந்த லூ யாவ்ஷானுக்கு
ஷியூநிங் சாலையில் டயர் கடை.
"மஞ்சள் பட்டு போடுங்கள்," என்றார்.
"தங்க எழுத்து. குலமண்டபத்தில் வைக்கிறோம்,
தூரத்திலிருந்தே தெரியவேண்டும்."
நான் தலையாட்டவில்லை; மறுக்கவும் இல்லை.
பழுதுகளை வரிசையாக எழுதி
ரசீது கிழித்துக் கொடுத்தேன்.

பிளம் பழுக்கும் மாதத்து மழை.
துன்ஷியில் சுவர்கூட வியர்க்கும்.
பசையைக் காய்ச்சலாம்; காயவைக்க முடியாது.
அதனால் பிரிக்கும் வேலை மட்டும்.
ஈரத் துவாலை, அதன்மேல் ஆவி,
மூங்கில் அலகு நுழைய ஒரு மயிரிழை வழி.
அட்டை என்று ஒன்று தனியாக இல்லை:
பயன் முடிந்த தாள்கள்
ஒன்றன் முதுகில் ஒன்று ஒட்டிக்கொண்டிருப்பதுதான்.
முதல் தாள், உப்புக்கடைக் கணக்கு.
இரண்டாவதில் எவனோ ஒரு பையன்
'நிரந்தரம்' என்ற எழுத்தை
அறுபது முறை எழுதிப் பழகியிருந்தான்;
அறுபதும் கோணல்.
மூன்றாவது வர மறுத்தது.
மதியச் சோறு ஆறியது.

வந்தபோது, அடகுச் சீட்டு.

வெளியார் படிக்கக்கூடாதென்றே
கோழி கிளறியதுபோல் எழுதுவார்கள்.
பக்கத்து மேசை ச்சூ பெய்லான்
பூதக்கண்ணாடியோடு வந்தாள்.
எழுத்தெழுத்தாகப் பொறுக்கினோம்:
பெண்கள் மேலங்கி ஒன்று. நைந்தது.
பூச்சி அரித்தது. ஓரம் கிழிந்தது.
அறுநூறு காசு. தவணை பதினெட்டு மாதம்.
பெயர் இல்லை.

"இந்தக் கந்தலுக்கா அறுநூறு?" என்றேன்.
பெய்லான் சிரித்தாள்.
நேற்றுத் தைத்த பட்டானாலும்
கணக்கன் அப்படித்தான் எழுதுவானாம்.
மீட்க வரும் நாளில் ஓட்டை இருந்தால்
பழி அவன்மேல் விழக்கூடாதே.

என் ரசீதின் அடிக்கட்டை
அங்கேயே, கையருகில் கிடந்தது:
நைந்தது. பூச்சி அரித்தது. ஓரம் கிழிந்தது.
கீழ்மூலை இல்லை.
எனக்கும் அதே பயம்தான்.
அவனுக்கும் எனக்கும் நடுவில்
ஒரு கரண்டிப் பசை தூரம்.

லூவுக்குத் தொலைபேசினேன்.
பின்னால் காற்றடிக்கும் இயந்திரம் உறுமியது.
"எங்கள் வீட்டுச் சீட்டுதான் என்று எப்படிச் சொல்வீர்கள்?"
சொல்ல முடியாது.
நூல் கட்டியவன் பழந்தாளை எடைக்கு வாங்கியிருக்கலாம்.
"அப்படியானால் எறிந்துவிடுங்கள்."
எறியமாட்டேன், அது விதி.
"கூடுதலாக எவ்வளவு?"
ஒன்றும் இல்லை என்றேன்.
வைத்துவிட்டார்.

பன்னிரண்டாம் நாள் மழை விட்டது.
கோதுமை மாவைப் பிசைந்து
சவ்வு போகக் கழுவி, தெளிந்ததைக் காய்ச்சினேன்.
மூலைக்கு ஒட்டும் தாளை
அவுரியில் இருமுறை, கருவாலிச் சாற்றில் ஒருமுறை.
பழைய நீலத்தைவிட ஒரு மாற்றுக் குறைவாக:
அடுத்துத் திறப்பவள்
என் கை எங்கே தொடங்கியதென்று
தேடவேண்டாம்.
மஞ்சள் பட்டு போடவில்லை.

லூ வந்தார். நீலத்தைக் கண்டு முகம் சுருங்கியது.
தனி உறையில் இருந்த சீட்டை
வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்,
தலைகீழாகவும் பார்த்தார்.
"பதினெட்டு மாதம்," என்றார், யாரிடமோ.
பிறகு சட்டைப்பையிலிருந்து என் ரசீது.
மடிப்பில் டயர்க் கரி.
"இதில் இத்தனை பழுது எழுதியிருக்கிறீர்களே,
திருப்பித் தரும்போதும் எல்லாம் இருக்குமா?"
மூலை மட்டும் இருக்காது என்றேன்.

கைபேசியில் பணம் அனுப்பினார்;
வந்ததா, வந்ததா என்று இருமுறை கேட்டார்.
கூடையை வண்டியின் முன்னிருக்கையில் வைத்து
பெல்ட் மாட்டினார்.
உறையை அதில் போடவில்லை.
சட்டைக்குள், பனியனுக்கு மேலே,
மழை திரும்ப வந்தாலும் நனையாத இடத்தில்
வைத்துக்கொண்டார்.