அரை அங்குலக் கட்டம்

இருநூற்றுப் பதினான்கு விண்ணப்பம், வெற்றிடம் மூன்று.
தீவுப் பக்கத்துக்குப் பம்பி இயக்குநர்.
பழைய பூங்கா வீதியில், இரண்டாம் மாடியில்,
நான் பிரித்து அடுக்குகிறேன்:
பட்டம் இருந்தால் இடப்பக்கம்,
உயர்தரம் மூன்று பாடமும் சித்தியென்றால் நடுவில்,
மற்றதெல்லாம் சன்னலோரம்,
பறக்காமல் இருக்கப் பித்தளை முத்திரை மேலே.

படிவத்தின் கடைசிக் கட்டம் ‘வேறு தகைமைகள்’.
அகலம் அரை அங்குலம்.
யார் கீறினதோ, எந்த ஆண்டோ.
கூடுதலானவர்கள் ஒரு கோடு போட்டு விட்டுவிடுவார்கள்.
சிலர் கரப்பந்தாட்டம் என்று எழுதுவார்கள்.

பாசையூர் யேசுதாசன் ரொமிலா
அந்த அரை அங்குலத்துக்குள்
எறும்பு எழுத்தில் தொடங்கி
ஓரத்தில் திரும்பி
தாளின் பின்பக்கம் போய்விட்டாள்.
சாதாரண தரத்தில் இயந்திரத் தொழினுட்பம், ஏ.
பள்ளிக்கூட மோட்டரை மூன்று தரம் கழற்றிப் பூட்டியது.
தொழில் தகைமை, நாலாம் மட்டம்.
ஐஸ் தொழிற்சாலையில் பதினெட்டு மாதம்.
‘பம்பிக்குள் காற்றுப் பிடித்தால் சத்தத்தில் தெரியும்’
என்று கடைசியில் ஒரு வரி.
இது தகைமையா?
எந்த அடுக்கில் போடுவதென்று தெரியாமல்
கையிலேயே வைத்திருந்தேன்.

எனக்கு வேலை கிடைத்தது ஒரு கட்டுரையால்.
நீர்வளம் பற்றி நாலு பக்கம்.
கையெழுத்தையும் மெச்சினார்களாம்.
வீட்டு மோட்டர் நின்றால்
அயலில் ஒரு பெடியனைக் கூப்பிடுகிறேன்.
அவனுடைய விண்ணப்பமும் சன்னலோரத்தில் கிடக்கலாம்.
தேடிப் பார்க்கவில்லை.

கோழி மேய்ச்சாலும் கோறணமேந்தில மேய்க்கவேணும் எண்டு
அம்மா இப்பவும் சொல்லுவா.
சரி, மேய்ப்பம்.
மேய்க்கத் தெரியுமோ எண்டு
அந்தப் பழமொழியும் கேட்கேல்லை,
வர்த்தமானியும் கேட்கேல்லை.

தலைக்கு மேல் குழல்விளக்கு மூன்று கிழமையாய்க்
கண்ணடிக்கிறது.
மூன்று பிரதியில் கடிதம் போயிருக்கிறது.

அடுத்த சுற்றுக்கான படிவம்
என் கணினியில் திறந்து கிடந்தது.
கடைசிக் கட்டத்தின் கோட்டைப் பிடித்து இழுத்தேன்,
நாலு அங்குலம்.
பிறகு ‘வேறு’ என்ற சொல்லை அழித்தேன்.
உதவிச் செயலாளர் நாளைக்குக் கேட்பார்.
பதில் இன்னும் யோசிக்கவில்லை.

ரொமிலாவின் தாளை
இடப்பக்க அடுக்கின் உச்சியில் வைத்து
முத்திரையைத் தூக்கி அதன்மேல் வைத்தேன்.
அந்த நேரம் பார்த்துச் சோளகம்.
சன்னலோரம் முழுவதும்
எழும்பி அறைக்குள் வந்தது.