ஒரு லிட்டர்

ஜனவரிக் கடைசித் திங்கள். பூர்க்டோர்ஃப் பட்டறையில்
காலை ஆறரைக்கே
மூன்றாம் மேசையின் வெல்டிங் பெட்டி
சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு வாய்மூடிக்கொண்டது.
நீரோட்டம் குறைவு.

டங்ஸ்டன் முனை எரிவது
பக்கத்தில் ஓடுகிற தண்ணீரை நம்பி.
பால்தொட்டித் தகட்டில் நான் இழுக்கும்
மீன்செதில் கோட்டை எல்லாரும் பார்ப்பார்கள்.
தரையில் உறுமுகிற குளிர்நீர்ப் பெட்டியைக்
கால் இடறினால் மட்டும்.

"அர்பென்தான்" என்றேன், யாரும் கேட்கும் முன்பே.
ஏஷ்லிமானிடம் சொன்னேன்.
காப்பி மெஷினிடமும் சொன்னேன்.
அர்பென் ஒன்றும் பேசவில்லை.
தன் தலைவிளக்கைக் கழற்றி
என் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிட்டு
கிரைண்டரோடு போய்விட்டான்.

சிவப்புப் பட்டி சுற்றிய திரும்புகுழாயை
அளவுச் சாடிக்குள் விட்டு
சோதனைப் பொத்தானை அமுக்கினேன்.
நிமிடத்துக்கு ஒரு லிட்டர் வரவேண்டும்.
முள் ஒரு சுற்றுச் சுற்றி முடிக்க
முந்நூறு மில்லி. அதுவும்
மூக்குச் சிந்துவதுபோல்.

பிளக்கைப் பிடுங்கி மூடியைத் திறந்தால்
நீலமாய் இருக்கவேண்டியது
பயறு ஊறின தண்ணிபோல் கிடந்தது.
வடிவலையில் வழவழப்பு. வழித்தால்
அடியில் சுண்ணாம்புப் பொருக்கு,
இந்த ஊர்க் குழாய்த்தண்ணி
கெட்டிலின் அடியில் படியவிடுகிற அதே வெள்ளை.

ஆக, யாரோ ஊற்றியிருக்கிறார்கள்.
டார்ச் பற்றிக்கொள்ளத் தயங்கியதும் அதனால்தான்:
முனையில் பாயவேண்டிய பொறி
உப்புத் தண்ணீரில் குறுக்குவழி கண்டு
குழாய்க்குள்ளேயே கசிந்துபோகிறது.

தண்ணீரிலும் தடம் பிடிப்பாள் என்று
வீட்டில் என்னைச் சொல்வார்கள். பிடித்தேன்.

பெட்டிக்குப் பின்னால், பிளாஸ்டிக் உறைக்குள்
பராமரிப்பு அட்டை.
கடைசி வரி: அக்டோபர் 27. சேர்த்தது: ஒரு லிட்டர்.
கையொப்பக் கட்டத்தில்
சுருட்டி ஆணியில் மாட்டிய குழாய்போல
ஒரு ழ.

இந்தக் கட்டடத்தில் அந்த எழுத்தைப் போட
ஒரே ஒரு ஆளால்தான் முடியும்.
குழலரசி வாயில் வராமல்
எல்லாரும் குலா என்று கூப்பிட்டார்கள்;
அந்தக் கோபத்தில் தேர்ந்தெடுத்த கையொப்பம்.
கள்ளக் கையெழுத்து வைக்க ஒருத்தராலும் ஏலாது என்று
பெருமையடித்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை. கடைசி மடிப்பு பாதியில்.
நீலத் திரவக் கேன் காலி.
நாலே முக்கால் ரயில்.
கைகழுவும் தொட்டி மூன்று எட்டில்.
தண்ணி தண்ணிதானே என்றேன்.
அளவை நேர்மையாய்த்தான் எழுதினேன்.
என்ன தண்ணி என்று கேட்க
அட்டையில் கட்டமில்லை.

அந்தக் கிழமை அர்பென் வேலைக்கே வரவில்லை.
மகள் பிறந்திருந்தாள்.
வாழ்த்து அட்டையிலும் இதே ழ.

மூன்று தரம் அலசினேன், காய்ச்சி வடித்த நீரால்.
வலையைப் பழைய பல்துலக்கியால் தேய்த்தேன்.
புது நீலம் ஊற்றி
காற்றுத் திருகை அரைச்சுற்றுத் தளர்த்த
பம்ப் இருமியது, கொப்பளித்தது,
பிறகு சத்தத்தைக் குறைத்துக்கொண்டது.
சாடியில் ஒரு லிட்டர், ஐம்பத்தெட்டு நொடியில்.

குறிப்புக் கட்டத்தில் ஜெர்மனில் எழுதினேன்:
அக்டோபரில் ஊற்றியது குழாய்த்தண்ணீர்.
இந்த முறை முழுப்பெயர்.
ஏஷ்லிமானிடம் போய்ச் சொன்னேன். தலையாட்டினார்.
காப்பி மெஷினைச் சுற்றி நின்றவர்களிடம் சொல்லத்தான்
இரண்டு தரம் தொண்டையைச் செருமவேண்டியிருந்தது.

பச்சைக் கழிவைச் சாக்கடையில் விடக்கூடாது.
மஞ்சள் பீப்பாய், அறுபது லிட்டர்,
முற்றத்துக் கொட்டகைக்குப் போகவேண்டும்.
ஒற்றை ஆளாய்த் தூக்க ஏலாது.
அர்பென் கிரைண்டரை நிறுத்தும்வரை
தலைவிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"ஒருக்கா பிடிக்கிறியா?"

பிடித்தான். கதவு தாண்டிப் பாதி முற்றத்தில்
பின்னால் நடந்துவந்தவன் கேட்டான்:
"அந்த எழுத்து, அது என்ன, பாம்பா?"
"குழாய்" என்றேன்.
பனி வழுக்கியது. இறக்கிவைத்து
இருவரும் கை மாற்றிக்கொண்டோம்.