எடுத்தவன் கணக்கு

டச்பே கரையோர மண்டபம். மூன்றாம் சுற்று.
மார்கழி மழைக்கு யன்னல்கள் எல்லாம் சாத்திக் கிடந்தன.
கிண்ணியாவிலிருந்து வந்த றிஸ்மியா
தண்ணீர்ப் போத்தலைக் காலடியில் வைத்துவிட்டு
இரண்டாம் நகர்விலேயே
ராஜா பக்கத்துக் காலாளைத் தள்ளிவிட்டாள்,
பழைய கடனைத் திருப்பித் தருபவள்போல,
முகம் பார்க்காமல்.

எடுத்தேன்.
சீனக்குடா மா ஆலையில் இரவு வேலை முடித்து
கண் மூடாமல் வந்திருந்தேன். நகக்கண்ணில் இன்னும் மா.
சும்மா வருவதை விடுகிற பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

எடுத்ததைக் காக்க இன்னொரு காலாள்.
அதை இன்னொரு கட்டம் ஏற்றிக் குதிரையை விரட்டினேன்.
குதிரை ஓடவில்லை.
அவள் ராஜாவைக் கோட்டைக்குள் ஒளித்தாள்,
குதிரையை வெளியே நனையவிட்டு.
அதையும் எடுத்தேன்.
பக்கத்து மேசைக்காரன் தன் ஆட்டத்தை மறந்து
எங்களையே பார்த்தான்.

அவள் ராணி இறங்கியது. என் ராணி மறித்தது.
நடுக் காலாளை நீட்டினாள். எடுத்தேன்.
மந்திரி என் ராஜாவின் படலையில் வந்து விழுந்தது. செக்.
ராஜாவைக் கொண்டே எடுத்தேன்.

அந்த நேரம் பார்த்து கரண்ட் போட்டுது.

"ஒருவரும் காயில கை வைக்க வேண்டாம்.
மணிக்கூட்டை நிப்பாட்டுங்கோ."
நடுவர் பிலேந்திரனின் குரல்.
எல்லாம் நின்றன; எங்கோ ஒன்று மட்டும்
டிக் டிக்கென்று யாருடைய நேரத்தையோ தின்றது.

மேசையோரம் தடவினேன்.
இரண்டு காலாள். குதிரையின் பிடரி. மந்திரியின் கூர்த் தலை.
நாலும் அவளுடையவை.
பிறகுதான் என்னுடையவற்றை நினைத்தேன்.
யானைகள் மூலையில்.
குதிரைகள், மந்திரிகள், ஒன்றுகூட எழும்பவில்லை.
ஆறு பேர் வீட்டில் படுத்திருக்க
ராஜா மட்டும் முற்றத்தில், செருப்பில்லாமல்.

விறாந்தைச் சீமெந்தில் குளம்புச் சத்தம்.
திடுக்கிட்டேன்.
கோட்டை மான்கள்தான், மழைக்கு ஒதுங்க வந்தவை.

"பகல் சாப்பிட்டீங்களா?" இருட்டுக்குள் அவள் கேட்டாள்.
"உங்களுடையதைத்தான்."
அவள் சிரித்தது கேட்டது.
போத்தல் மூடி திறந்தது கேட்டது.

வெளிச்சம் வந்தது.
கண் கூசி முடியுமுன்னே
ராணிப் பக்கத்துக் காலாளை இரண்டு கட்டம் நீட்டி
மணிக்கூட்டைத் தட்டினாள்.

எடுத்தால் செக்கும் எனக்குத்தான்.
அதனால்தான் எடுக்கக் கூடாது.
தெரியும்.

மா ஒட்டிய விரல்கள்
எப்போதோ அதன் தலையில் இருந்தன.