சொல்லிக்கொள்ளாமல்

எஃப் ஏழைத் தட்டினால் ஆலமரம் சாயும்.
எட்டில் ஒரு தீபம் அணையும்.
ஒன்பதில், 'நீங்கள் மறைந்தாலும்'...
மிச்சத்தை ஊரே முடித்துவிடும்.
வண்ணார்பேட்டைப் பாலத்துக்குப் பக்கம், ஆசீர் பிரஸ்ஸில்,
கண்ணீர் அஞ்சலி அடிக்க வருகிறவர்களிடம்
நான் முதலில் கேட்பது பெயரை இல்லை, வேதத்தை.

கர்த்தருக்குள் நித்திரை. சிவபதம். வஃபாத்.
கருப்புச் சட்டைக்காரர் என்றால் இயற்கை எய்துவார்.
ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில்
அடுத்தடுத்த கட்டிலில் ஒரே காய்ச்சலில் கிடந்தவர்கள்
என் திரையில் வேறு வேறு வினைச்சொல்லில் போவார்கள்.
'செத்தார்' என்று மட்டும்
இதுவரை ஒருவருக்கும் அடித்ததில்லை.

எம்.ஏ.யில் கையறுநிலைக்குப் பத்து மார்க்.
தலைவன் மாய, சார்ந்தோர் செயலற்று வருந்துவது
என்றெழுதி ஒன்பது வாங்கினேன்.
புதன்கிழமை உலகம்மாள் வந்து
பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தபோதுதான்
அறுந்த கை என்ன செய்யும் என்று பார்த்தேன்.
மடியில் தட்டு இல்லை, இலை இல்லை, தூள் இல்லை.
விரல்கள் மட்டும்
பீடி சுற்றிக்கொண்டே இருந்தன.

புருஷன் கொம்பையா. கால்வாய் லஸ்கர்.
ஷட்டரை ஏற்றி இறக்கி முப்பத்தோரு வருஷம்.

"ஆலமரம் வேண்டாம்மா. அவிய ஆலமரமா?
முருங்கை. காத்தடிச்சா ஒடிஞ்சிருவாவ."
தீபம்?
"கரண்ட் பில்லுக்குப் பயந்து
எட்டு மணிக்கே அணைக்கச் சொல்லுத மனுசன்."
குலவிளக்கு, குடும்பத்தின் தெய்வம் என்றேன்.
தெய்வத்துக்குச் சிரித்துவிட்டாள்.
பிறகு, சிரித்த வாயை முந்தானையால்
அழுத்தித் துடைத்தாள்.

உள்ளேயிருந்து ஆசீர் அண்ணாச்சி:
"போட்டோவுக்குக் கீழ ரெண்டு வரிக்கு எடம் கெடக்கு,
எதையாவது போடு தாயி, மிஷின் சும்மா நிக்கி."

இருந்ததை எல்லாம் எடுத்துப் போட்டேன்.
அமரர், நீத்தார், ஆறாத்துயர், மீளாத்துயில்,
படித்த காலத்திலிருந்து மடிப்புக் கலையாத
'அந்தோ' ஒன்று.
துணிக்கடையில் சேலை விரிப்பது மாதிரி விரித்தேன்.
அவள் ஒன்றையும் தொட்டுப் பார்க்கவில்லை.

"விடியல மூணு மணி இருக்கும்.
கடைமடைக்குத் தண்ணி ஏறுதான்னு பாத்துட்டு
வாரேன்னு சொன்னாவ."

அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

அப்படியே அடித்தேன்.
'வாரேன்' என்பதற்கு அடியில் சிவப்புக் கோடு நெளிந்தது.
அப்படி ஒரு சொல் இல்லை என்றது கம்ப்யூட்டர்,
'வருகிறேன்' என்று வைத்துக்கொள்ளச் சொன்னது.
வைக்கவில்லை.
பெயர், வயசு அறுபத்திரண்டு,
தகனம் சிந்துபூந்துறை, மாலை நாலு மணி.
ஐம்பது தாள்.

சுருட்டிய போஸ்டர்களின் ஈரமை ஒட்டாமல் இருக்க
நடுவில் பழைய பேப்பர் வைத்துக் கொடுத்தேன்.
அவள் அதைப் பிள்ளையைப் போலக் கைமாற்றிப் பிடித்து
துட்டை எண்ணி வைத்தாள், வாசலில் செருப்பைக்
காலால் தேடினாள், திரும்பி என்னைப் பார்த்தாள்.

இழவு வீட்டில்தான்
சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது.
பிரஸ்ஸுக்கும் அது உண்டா தெரியவில்லை.
வாயெடுத்தவள்
சொல்லாமலே இறங்கிப் போனாள்.