பொறவு எதுக்கு?

பொருட்காட்சியில் கடைசி வரிசை, நாற்பத்தொன்றாம் கடை.
இடப்பக்கம் டெல்லி அப்பளம்,
வலப்பக்கம் மூட்டுவலித் தைலம்,
நடுவில் நானும் ஒன்பது பொம்மைகளும்.
மூன்று நாளைக்கு வாடகை இரண்டாயிரத்து நானூறு,
பல்புக்குத் தனிக் காசு.

"கொலுவுக்கா?"
"இல்லக்கா."
"புள்ளைய வெளையாடவா?"
"வெளையாண்டா நூலு பிரிஞ்சிரும்."
"பொறவு எதுக்கு?"

அப்பள எண்ணெய்க் கையோடு
தூக்கிப் பார்த்துவிட்டு வைக்கிறார்கள்.
ஆறாம் எண்ணின் முந்தானையில்
யாரோ ஒருவரின் கட்டைவிரல் ரேகை
இன்னும் இருக்கிறது.

தம்பி எசக்கிராஜா வண்ணார்பேட்டையில்
செல்போன் கடையில் நிற்கிறான்.
விற்கிற வித்தை அவன் சொன்னது:
பொம்மையைக் காட்டாதே, உன்னைக் காட்டு. சிரி.
முதல் மூன்று நொடிக்குள் ஏதாவது நடக்கணும்.
அதற்காகக் குறுக்குத்துறை ஆற்றுக்குப் போனோம்.
ஈரப் படியில் பால்காரியை உட்காரவைத்து
நான் சிரிக்கத் தொடங்கிய இரண்டாம் நொடி,
யாரோ முங்கி எழுந்த அலை
அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது.
பதினோராயிரம் பேர் பார்த்தார்கள்.
ஒருத்தர் எழுதிக் கேட்டார்:
பின்னால் இருக்கிற சோப்பு டப்பா எந்தக் கடையில் வாங்கியது?

விலைக்கு ஒரு கணக்கு உண்டு.
துணி அறுபது. கம்பி, பஞ்சு, பசை எழுபத்தைந்து.
காகிதக்கூழ் சும்மா.
நான் வேலை பார்க்கிற ஜெராக்ஸ் கடையில்
பாழான தாளெல்லாம் எனக்குத்தான்.
சாதிச் சான்றிதழும் ரேஷன் அட்டையும் பத்திரமும்
ஒரே வாளியில் ஊறி, அரைபட்டு, கன்னமாகும்.
அப்புறம் இருபத்தேழு ராத்திரி.
ராத்திரிக்கு எவ்வளவு போட?
நூறு போட்டேன்.
அட்டையில் எழுதும்போது கை தானாக ஐந்நூறைக் குறைத்தது,
சில்லறையையும் விட்டது.
இரண்டாயிரத்து முந்நூறு.

மூன்றாம் நாள், ராட்டினம் நின்ற பிறகு
ஒரு அம்மா வந்தாள்.
முக்கூடல் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் கிடக்காம்.
நாலாம் எண்ணுக்கு முன்னால் குனிந்தாள்.
பீடி சுற்றுகிறவள் அது:
மடியில் சொளவு, சொளவில் நிஜத் தூள்,
விரல்நக அளவுக்கு நறுக்கிய இலை,
கையில் கத்தரி.
எல்லாரும் முதலில் தொடுவார்கள்.
இவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால்
கட்டிக்கொண்டு பார்த்தாள்.

"இவ நொட்டாங்கைக்காரியா?"

அப்போதுதான் பார்த்தேன். கத்தரி இடது கையில்.
இருபத்தேழு ராத்திரியும் பார்த்ததுதான்.
செல்போனைச் செம்பில் சாய்த்து
கத்தரியும் கையுமாக என்னையே படம் பிடித்து
அதைப் பார்த்துச் செய்தேன்.
கண்ணாடி மாதிரி அது
கையை மாற்றிக் காட்டியிருக்கிறது.

"ஆமாக்கா," என்றேன்.

"கணக்கப்பிள்ள எங்கட்டை மட்டும் கூடக் கழிப்பான்.
சுத்து மாறிக் கெடக்காம். நொட்டாங்கைப் பீடி ஆவாதாம்.
இருவத்திரண்டு வருசமாச் சொல்லுதான்.
அந்தப் பீடியத்தான் அவனும் குடிக்கான்."

குறைத்துக் கேட்கவில்லை.
பர்ஸில் ஆயிரத்து நூறு இருந்தது.
மிச்சம் சனிக்கிழமை, கூலி போட்டதும்.
பேரு முப்பிடாதி, எழுதிக்கோ.
எழுதினேன். நம்பர் மருமகளுடையது.
தைலக்காரர் என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு
ஜெராக்ஸ் மிஷினில் யாருடைய மார்க் ஷீட்டோ
ஓடிக்கொண்டிருந்தபோது செல்போன் கத்தியது.
ஆயிரத்து இருநூறு.

எதுக்கு என்று நான் அவளிடம் கேட்கவில்லை.
பெட்டியில் வைத்து மூடுகையில்
அது தப்பாகச் செய்தது அக்கா என்று
சொல்லத்தான் வாயெடுத்தேன்.
அவள் தூக்கிய கையில், கட்டைவிரல் ஓரத்தில்
காய்ப்பு. இடது கை.

சொல்லவில்லை.

உனக்கு விற்கத் தெரியாது என்பான் எசக்கிராஜா.
அந்த ஒரு நிமிஷம் தெரிந்திருந்தது.